நாயுடன் ஓடும்போது தண்ணீர்: வன்னியில் ஓடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியிலுள்ள இரணைமடுக் குளக்கட்டிலும் அதைச் சுற்றியுள்ள கிறவல் வீதிகளிலும் ஒன்பது ஆண்டுகளாக நாயுடன் ஓடி வருகிறேன். முதலில் என்னோடு ஓடியது ஜிம்மி என்ற ஊர் நாய். இப்போது ஓடுவது அதன் குட்டி. வழியில் காண்பவர்களும் அயலவர்களும் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவையாகவே இருப்பதால் அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மிருக வைத்தியர் அல்லன். வைத்தியர்களிடம் கேட்டு அறிந்ததும், என் நாய்களிடம் கண்டதும், ஒருமுறை செய்த பெரும் பிழையும் இதில் சேர்ந்திருக்கின்றன.

நாய்க்கு வியர்ப்பதில்லை என்கிறார்கள். அப்படியானால் ஓடும்போது அதற்கு எதற்கு இவ்வளவு தண்ணீர்?

வியர்க்காததனால்தான் தண்ணீர் வேண்டியிருக்கிறது. நாய்க்கு வியர்வை சுரப்பது பெரும்பாலும் உள்ளங்கால் மெத்தைகளில் மட்டுமே. அது உடலைக் குளிர்விக்கப் போதாது. ஆகவே நாய் நாக்கை வெளியே தொங்கவிட்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 தடவை வரை இளைத்து, நாக்கிலும் வாயிலும் மூக்கின் உட்புறத்திலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குகிறது. அந்த ஆவியோடுதான் உடற்சூடு வெளியேறுகிறது. உடலில் நீர் குறைந்தால் நாக்கு வறண்டு, குளிரும் வழி அடைபட்டுவிடும்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஓடும் தசைகள் உண்டாக்கும் சூட்டினால் அது 40 பாகையைத் தாண்டுவது அரிதன்று. 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மனிதன் களைத்தால் நிற்பான். நாயோ எசமான் ஓடும்வரை ஓடும். இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை அதுதான்: எங்கே நிற்க வேண்டும், எப்போது குடிக்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர் வாரைப் பிடித்திருப்பவரே.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு தண்ணீர் குடித்திருந்தாலும், காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் நாக்கிலுள்ள நீர் சரியாக ஆவியாகாது. ஆகவே தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கிறது என்பது எந்த நேரத்திலும் ஓடலாம் என்பதற்கான அனுமதி ஆகாது.

ஓடப் புறப்படுமுன் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஓடாத நாளிலேயே ஒரு நாய்க்குக் கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 60 மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு நாளைக்குத் தேவைப்படும். 20 கிலோ எடையுள்ள ஊர் நாய் என்றால் ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூட. சோறும் குழம்பும் போன்ற ஈரமான உணவு உண்ணும் நாய் இதில் ஒரு பகுதியை உணவிலிருந்தே பெற்றுக்கொள்ளும்; கடையில் வாங்கும் உலர் உணவை உண்ணும் நாய் அவ்வளவையும் குடித்தே ஆக வேண்டும்.

ஓடும் நாளில் முக்கியமானது முதல்நாள் இரவு. விடிய ஐந்தரைக்குப் புறப்படும் நாய், இரவு முழுதும் வெற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தால், ஓட்டத்தைத் தொடங்கும்போதே விடாயோடுதான் தொடங்குகிறது. எனவே படுக்கப் போகுமுன் சட்டியைக் கழுவி நிரப்புங்கள். காலையில் புறப்படுவதற்கு அரை மணி அல்லது முக்கால் மணி நேரத்துக்கு முன் ஒரு சிரட்டையளவு குடிக்கக் கொடுத்து, சிறுநீர் கழிக்கவிட்டுப் பின்னர் புறப்படலாம். வயிறு நிறைய உணவு கொடுத்துவிட்டு ஓடக் கூடாது. சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு, மூன்று மணி நேரம் இருக்கட்டும்.

தண்ணீர் வைத்தாலும் எங்கள் நாய் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது. என்ன செய்வது?

பனிப்பிரதேசங்களில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களை வளர்ப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஓட்டத்தின் பரபரப்பில் அந்த நாய்கள் வெறும் நீரைத் தொடுவதில்லை என்பதால், இறைச்சித் துண்டுகளை நீரில் மிதக்கவிட்டுக் குடிக்க வைப்பார்கள். துண்டுகளைத் தேடித் தேடி நாய் நீரையும் குடித்து முடித்துவிடும்.

எங்கள் வீட்டில் இதே வேலையை மீன் தலை செய்கிறது. உப்பும் தூளும் வெங்காயமும் சேர்க்காமல் மீன் தலையை அவித்து, அந்தத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து ஒரு கோப்பைத் தண்ணீரில் கலந்தால் போதும். முட்கள் விழாதபடி வடித்து எடுக்க வேண்டும். மீதியை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். ஜிம்மியின் குட்டி வெறும் தண்ணீரைக் கண்டால் முகத்தைத் திருப்பும். இதைக் கண்டால் சட்டியின் அடியையும் நக்கிவிட்டு என் கையைப் பார்க்கும்.

வழியில் எவ்வளவு கொண்டு போக வேண்டும்? எதில் கொடுப்பது?

20 கிலோ நாயுடன் அரை மணி நேரம் ஓடுவதென்றால் அதற்கென்று அரை லீற்றரும், ஒரு மணி நேரம் என்றால் ஒரு லீற்றரும் நான் எடுத்துச் செல்கிறேன். இது என் கணக்கு. வெக்கை கூடினால் தண்ணீரைக் கூட்டுவதற்குப் பதில் தூரத்தைக் குறைக்கிறேன். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலில் நின்று, இளைப்புச் சற்றுத் தணிய விட்டு, சில மிடறுகள் கொடுத்தால் போதும். நாய் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

போத்தலை நேரே வாய்க்குள் பீச்சுவதைப் பலர் செய்கிறார்கள். அது சரியன்று. நாய் நாக்கின் நுனியைப் பின்பக்கமாக மடித்து, நீரின் மேற்பரப்பில் அடித்து வேகமாக இழுக்கிறது. அந்த வேகத்தில் மேலெழும் நீரைத்தான் வாயை மூடிப் பிடிக்கிறது. அதற்கு அகன்ற வாயுள்ள ஏனம் வேண்டும். பீச்சிய நீரில் பாதி நிலத்தில் விழும். இளைத்துக்கொண்டிருக்கும் நாயின் மூச்சுக்குழலுக்குள் மீதி போகவும் கூடும்.

மடிக்கக்கூடிய சிலிக்கன் கிண்ணங்கள் கடைகளில் கிடைக்கின்றன. நான் பயன்படுத்துவது பாதித் தேங்காய்ச் சிரட்டை. தும்பை வழித்து, விளிம்பை மண்தாளால் தேய்த்து, கண்ணிருக்கும் பகுதியைத் தவிர்த்து அடிப்பகுதிப் பாதியை எடுத்தால் ஒழுகாது; பாரமும் இல்லை; எங்காவது விழுந்து தொலைந்தாலும் கவலையில்லை. ஒருநாள் சிரட்டையை மறந்து போனபோது, வழியிலிருந்த வடலியில் ஓலை வெட்டிப் பிளா கோலிக் கொடுத்தேன். கூழ் குடிப்பதற்குக் கோலும் அதே பிளாதான். நீண்ட மூஞ்சியுள்ள நாய்க்கு அது அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியது.

தெரு நாய்களுக்காகக் கடை வாசல்களில் வைத்திருக்கும் பொதுச் சட்டியில் உங்கள் நாயைக் குடிக்க விட வேண்டாம். தொற்றுநோய்கள் அப்படியும் பரவும்.

குளமும் வாய்க்காலும் பக்கத்திலேயே இருக்கும்போது தண்ணீரைச் சுமக்க வேண்டுமா?

சுமக்கத்தான் வேண்டும். வன்னியில் ஓடுபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இதுவாகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது முதலை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்களில் மட்டுமன்றிச் சிறு குளங்களிலும் முதலைகள் உண்டு. கோடையில் குளங்கள் வற்றும்போது அவை எஞ்சிய நீருக்குள் நெருங்கி வரும். நீர் தேடி நிலத்தில் நடந்தும் போகும். அலைகரையில் குனிந்து நீர் குடிக்கும் நாய் முதலைக்கு ஏற்ற இரை. அந்த இடத்தில் பத்து ஆண்டுகளாக ஒன்றும் நடக்கவில்லை என்பது சமாதானம் ஆகாது.

இரண்டாவது பாசி. நீர்மட்டம் இறங்கி வெயில் ஏறும் மாதங்களில், காற்று ஒதுக்கிய கரையோரத்தில், பச்சை வர்ணத்தைக் கரைத்து ஊற்றியது போல நீர் தடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நீலப்பச்சை அல்காவாக இருக்கக்கூடும். அதில் சில வகைகளின் நச்சு ஈரலையும் நரம்பையும் தாக்கி, சில மணி நேரத்திலேயே நாயைக் கொல்லவல்லது. பார்வையால் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாது. அதில் இறங்கிய நாய் பின்னர் தன் உரோமத்தை நக்குவதனாலும் நஞ்சு உட்செல்லும். உடனே நல்ல நீரில் கழுவ வேண்டும்.

மூன்றாவது மருந்து. காலபோகத்திலும் சிறுபோகத்திலும் வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினியும் களைநாசினியும் வயலிலிருந்து வடியும் நீரோடு கழிவு வாய்க்காலுக்குள் வருகின்றன. மருந்துத் தாங்கியை வாய்க்காலிலேயே கழுவுவதும் நடக்கிறது. கமக்காரர் ஒருவர் வரம்பில் மருந்துத் தாங்கியோடு நிற்பதைக் கண்டால் அன்று அந்த வழியே போகாமல் விடுவது நல்லது. நாய் குடித்த பின் வீணீர் வடித்து, நடுங்கி, கண்மணி சுருங்கிக் காணப்பட்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

நான்காவது எலிக்காய்ச்சல். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த தேங்குநீரில் அதன் கிருமி வாழ்கிறது. மழைகாலத்து வயல் நீர் அதற்கு நல்ல இடம். மனிதருக்கும் நாய்க்கும் பொதுவான நோய் இது. நாய்க்கு இதற்கான தடுப்பூசி இருக்கிறது. ஆண்டுதோறும் போட வேண்டும். ஊசி போட்டிருந்தாலும் குட்டைத் தண்ணீரைக் குடிக்க விடுவதற்கில்லை.

இன்னொரு காரணம் எங்கள் மண்ணுக்கே உரியது. விடாய்த்த நாய் நீரின் வாடை பிடித்துப் பற்றைக்குள் பாயும். அதன் பின்னால் நீங்களும் ஓடுவீர்கள். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகள் இன்னமும் சில இடங்களில் நிற்கின்றன. கண்ணிவெடி அகற்றி முடிக்காத காணிகள் உள்ள பக்கங்களில் நாயை வாரிலிருந்து அவிழ்க்கவே கூடாது.

கிணற்று நீரும் கைப்பம்பி நீரும் கொடுக்கலாமா? எங்கள் பக்கத்துத் தண்ணீர் கல்சியம் கூடியது.

நீங்கள் குடிக்கும் தண்ணீரையே நாய்க்கும் கொடுப்பது நல்ல விதி. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரக நோய்க்குப் பயந்து மக்கள் சுத்திகரித்த நீரை வாங்கிக் குடிக்கிறார்கள். அந்த வீடுகளில் நாய்க்கும் அதிலிருந்து ஒரு கோப்பை ஊற்றுவது பெரிய செலவாகாது. வழியில் ஒருமுறை கிணற்று நீர் குடிப்பதால் மட்டும் கெடுதி வந்துவிடாது.

உவர் நீர் வேறு. பூநகரிப் பக்கத்திலும் கரையோரக் கிராமங்களிலும் கிணறுகள் உவர்ப்பவை. உப்பு நீர் உடலிலுள்ள நீரையும் வெளியே இழுத்து, விடாயைக் கூட்டி, சத்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். நந்திக்கடலோரத்திலோ முல்லைத்தீவுக் கடற்கரையிலோ ஓடுபவர்கள் நாய் அலையில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரே வழி முன்கூட்டியே நல்ல நீர் கொடுப்பதுதான்.

கைப்பம்பியில் முதலில் வரும் நீரில் துருவும், வெயிலில் கிடந்த கறுப்புத் தாங்கிக் குழாயில் முதலில் வரும் நீரில் கொதியும் இருக்கும். கொஞ்சம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.

இளநீர், மோர், ஜீவனி கொடுக்கலாமா?

மனிதன் வியர்வையோடு உப்பையும் இழக்கிறான். நாய் இழப்பது பெரும்பாலும் வெறும் நீரை. ஆகவே சாதாரண ஓட்டத்துக்கு அதற்கு வேண்டியதும் வெறும் நீரே.

இளநீர் இரண்டொரு மிடறு கொடுப்பதால் தீங்கில்லை. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகமோ இதயமோ பழுதான நாய்க்குக் கூடாது. வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூளான ஜீவனியை வைத்தியர் சொன்னால் மட்டும், அவர் சொன்ன அளவில் கொடுக்க வேண்டும். விளையாட்டு வீரர்களுக்கான இனிப்புப் பானங்களை நினைக்கவே வேண்டாம். சீனிக்குப் பதிலாகச் சில பொருட்களில் சேர்க்கும் சைலிட்டோல் நாய்க்குக் கடும் நஞ்சு.

மோரையும் பழங்கஞ்சியையும் பற்றித்தான் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் அவற்றைச் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் உப்பும் இல்லாமல் குடிப்பதில்லை. வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். அன்போடு ஊற்றிய கஞ்சி இரண்டு, மூன்று நாள் கழித்துச் சோகையாக வெளிப்படும்போது, காரணம் கஞ்சி என்று யாருக்கும் தோன்றாது.

எந்த நேரத்தில் ஓடலாம்?

விடியற்காலை. மாலையில் சூரியன் சாய்ந்தாலும் தார் வீதி சூட்டை விடாது. புறங்கையை வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயின் காலாலும் முடியாது. நாயின் வயிறு நிலத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பங்குனி, சித்திரையின் வெயிலுக்கு எல்லோரும் பயப்படுவார்கள். நான் அதைவிடப் பயப்படுவது மாரி தொடங்குமுன் வரும் புரட்டாதி, ஐப்பசி நாட்களின் அவிச்சலுக்கு. மேகம் மூடியிருக்கும், வெயில் இராது, ஓட நல்ல நாள் என்று தோன்றும். காற்று அசையாது, ஈரம் நிறைந்து நிற்கும். முதலில் சொன்னபடி அந்தக் காற்றில் நாயின் இளைப்பு சரியாக வேலை செய்வதில்லை. ஆடி மாதச் சோளகக் காற்று வீசும் காலையில் ஐந்து கிலோமீற்றர் இலகுவாக ஓடும் நாய், அப்படிப்பட்ட நாளில் இரண்டில் களைத்துவிடும்.

உடலில் நீர் குறைந்திருப்பதை எப்படிக் கண்டறிவது?

மேலுதட்டைத் தூக்கி முரசை (பல் ஈறை) தொட்டுப் பாருங்கள். நனைந்து வழுக்க வேண்டும். விரலில் பசை போல ஒட்டினால் நீர் குறைந்துவிட்டது. பிறகு முரசை விரலால் அழுத்தி எடுங்கள். வெளிறிய இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஊர் நாய்கள் பலவற்றுக்கு முரசு கறுப்பாக இருக்கும். அதற்கிடையில் எங்காவது ஒரு சிவந்த திட்டு இருக்கும், அதை வீட்டில் ஆறுதலாகத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். வீதியில் பதற்றத்தோடு தேடினால் கிடைக்காது.

தோள்களுக்கு நடுவே தோலைக் கிள்ளி உயர்த்தி விடும் சோதனையும் உண்டு. தோல் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் நீரிழப்பு ஏற்கெனவே உடல் எடையில் ஐந்து சதவீதத்தை எட்டியிருக்கக்கூடும். வயதான நாய்க்கும் மெலிந்த நாய்க்கும் தோல் எப்போதும் சற்று மெதுவாகவே படியும் என்பதால் நான் முரசையே நம்புகிறேன்.

நாய் சுருண்டு விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வாகனம் தேட வேண்டும். இதை நான் அறியாமல் போன ஒரு காலையைச் சொல்கிறேன்.

ஜிம்மிக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு சித்திரை மாதக் காலை. எழும்பப் பிந்தி, ஏழரை மணிக்குப் புறப்பட்டேன். எப்போதும் எனக்கு முன்னால் ஓடும் நாய் குளத்துத் துருசுக்கு (மதகுக்கு) கிட்டப் போகையில் பின்னால் வந்தது. சோம்பல் என்று நினைத்து வாரை இழுத்தேன். சற்று நேரத்தில் பின்கால்கள் பின்னி, வீதியோரத்தில் சரிந்தது. நாக்கு அகன்று, முரசு செங்கல் நிறமாகியிருந்தது. நான் முதலில் செய்தது போத்தலை வாயில் ஊற்றியது. அது புரையேறி இருமியது. அடுத்துச் செய்தது துவாயை நனைத்து உடம்பில் சுற்றியது. சிறிது நேரத்தில் அந்தத் துவாயே சூடேறிப் போர்வை போலாகிவிட்டது. அவ்வழியே லான்ட்மாஸ்ரரில் (இருசில்லு உழவு இயந்திரத்தில்) வந்த கமக்காரர் ஒருவர்தான் துவாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பக்கத்துக் கைப்பம்பிக்குத் தூக்கிச் சென்று, என்னைப் பம்பியை அடிக்கச் சொல்லி, நாயை நீருக்குக் கீழே பிடித்துக்கொண்டு தன் தொப்பியால் விசிறினார். பதினைந்து நிமிடமளவில் நாய் தலையைத் தூக்கியது. அதன் பிறகு அதே லான்ட்மாஸ்ரரில் ஏற்றிக் கொண்டுபோனோம்.

அவர் செய்ததுதான் சரியான முறை. நிழலுக்குக் கொண்டு செல்லுங்கள், நாயின் உடலைவிடக் குளிர்ந்த எந்த நீரானாலும் உரோமத்துக்கு அடியில் தோல் நனையும்படி விடாமல் ஊற்றுங்கள், விசிறுங்கள். மயங்கிய நாயின் வாய்க்குள் நீர் ஊற்றக் கூடாது. தானாகக் குடித்தால் குடிக்கட்டும். இளைப்புத் தணிந்து நாய் தெளிந்தவுடன் நீர் ஊற்றுவதை நிறுத்த வேண்டும்; தொடர்ந்து ஊற்றினால் உடற்சூடு அளவுக்கு மீறி இறங்கிவிடும். எழுந்து வாலாட்டினாலும் வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகமும் குருதி உறைதலும் பழுதாவது ஓரிரு நாள் கழித்தே தெரியவரலாம். எங்கள் பக்கங்களில் மிருக வைத்தியர் கூப்பிடு தூரத்தில் இருப்பதில்லை; உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தின் இலக்கத்தைத் தொலைபேசியில் பதிந்துவிட்டு ஓடத் தொடங்குங்கள்.

ஐஸ் தண்ணீர் நாயைக் கொன்றுவிடும் என்பது உண்மையா?

இல்லை. குளிர்ந்த நீரைக் குடிக்கக் கொடுக்கலாம், உடம்பின் மேலும் ஊற்றலாம்.

ஓடி முடிந்ததும் ஒரே மூச்சில் சட்டியைக் காலியாக்குகிறது. விடலாமா?

முதல் ஐந்து நிமிடம் நடக்கவிடுங்கள். பின்னர் ஒரு சிரட்டை, சிறிது பொறுத்து இன்னொன்று என்று பிரித்துக் கொடுங்கள். அவசரமாகக் குடிக்கும் நாய் காற்றையும் சேர்த்து விழுங்கிச் சத்தியெடுக்கும். ஆழமான நெஞ்சுள்ள அல்சேஷன் போன்ற பெரிய நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. வயிறு மத்தளம் போல விம்மி, வெறுமனே ஓங்காளித்து ஒன்றும் வெளியே வராவிட்டால் அது உடனடியாக அறுவைச் சிகிச்சை வேண்டிய நிலை. சாப்பாட்டை ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

எல்லா நாய்களும் ஓடலாமா?

பக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் ஓட்டத்துக்கு உரியவை அல்ல. இளைக்கும் வழியே அவற்றுக்குக் குறுகலானது. ஒரு வயது நிரம்பாத குட்டியையும், கொழுத்த நாயையும் நடக்க மட்டும் கூட்டிச் செல்லுங்கள்.

நன்றாகத் தண்ணீர் குடித்தும் வழக்கமான தூரத்துக்கு முன்பே களைத்துவிடுகிறது. ஏன்?

காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் எங்கள் பக்கத்து நாய்களுக்குச் சாதாரணமாக வருவது. அது குருதியைக் குறைத்து, முரசை வெளிறச் செய்து, சிலவேளை சிறுநீரைத் தேநீர் நிறமாக்கும். அந்த நாய்க்கு வேண்டியது தண்ணீரன்று, மருந்து.

தண்ணீரைக் கண்டு அருகே வந்தும் விழுங்க முடியாமல் வீணீர் வடித்து, குரல் மாறி, இயல்புக்கு மாறாக நடக்கும் நாய் என்றால் விசர்நோயை நினைக்க வேண்டும். தொண்டையில் முள் சிக்கியிருக்கும் என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். நாயைத் தனியே அடைத்துவிட்டு வைத்தியருக்கு அறிவியுங்கள். அதன் வீணீர் பட்ட கையை அந்த நிமிடமே சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.